சொப்பு, சிறுதேர், பூட்டிய பீரோ

மாத்தூர் எம்.எம்.டி.ஏ. குடியிருப்பிலிருந்து மணலி வழியாகத் திருவொற்றியூர் போகிறவர்கள், மழலையர் பள்ளிகளின் பெயர்ப்பலகைகளை வாசித்துக்கொண்டே போகலாம். ‘மாண்டிசோரி’ என்ற சொல் எப்படியும் கண்ணில் பட்டுவிடும். அந்தச் சொல் இப்போது பொம்மைக் கடைக்கும் வந்துவிட்டது. கம்பில் வளையம் அடுக்கும் பொம்மை, வட்டத்தையும் சதுரத்தையும் அதனதன் குழியில் பொருத்தும் பலகை, நூலில் கோக்கும் மரமணிகள் என்று எதுவானாலும் அட்டைப்பெட்டியின் மேல் ‘கல்விப் பொம்மை’ என்று அச்சாகிவிட்டால் விலை ஏறிவிடுகிறது. வாங்க முடியாமல் திரும்பும் தாய்க்குப் பிள்ளையின் மூளை வளர்ச்சிக்குத் தானே தடையாக நிற்பதுபோல் ஓர் உறுத்தல். இரண்டு வயதுப் பிள்ளைக்கு எந்தப் பொம்மை நல்லது என்ற கேள்வியை இன்று தாயிடம் தனியாக விட்டிருக்கிறோம். அவளது சம்பளம், அவளது அறிவு, அவளது குற்றவுணர்வு ஆகியவற்றுக்குள் அடங்கிய ஒரு கடைத்தெரு விஷயமாக அது சுருங்கிவிட்டது. அந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. அதில் கடைத்தெரு வருவது கடைசியில்தான்.

மாண்டிசோரி என்ற சொல் யாருடைய பிள்ளைகளிடமிருந்து தொடங்கியது என்பதை முதலில் பார்க்கலாம். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ பகுதியில் முதல் ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது. அது ஏழைத் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த அடுக்குமாடிக் குடியிருப்பு. நம் பக்கத்தில் ஒப்பிடுவதென்றால் இராயபுரம், பெரம்பூர் ரயில்வே லைன் ஓரத்து வீடுகளை நினைத்துக்கொள்ளலாம். தாயும் தந்தையும் வேலைக்குப் போனபின் பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்தார்கள், புதிதாகப் பூசிய சுவர்களைக் கிறுக்கிக் கெடுத்தார்கள். கட்டட நிறுவனத்துக்குச் சுவர்தான் கவலை. ஐம்பது அறுபது பிள்ளைகளை ஓர் அறையில் வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் ஏற்பாடு தேவைப்பட்டது. மருத்துவரான மரியா மாண்டிசோரி அந்தப் பொறுப்பை ஏற்றார். அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளுடன் அவர் முன்பே வேலை செய்திருந்தார். இட்டார், செகான் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்களின் வழியில் அப்போது உருவாக்கிய பொருள்களைத்தான் சான் லொரென்சோவுக்குக் கொண்டுவந்தார்.

அவற்றில் ஒன்றை மட்டும் பார்த்தால் போதும். ஒரு மரக்கட்டையில் பத்துக் குழிகள், அவற்றுக்குப் பத்து உருளைகள். ஓர் உருளையைத் தவறான குழியில் போட்டால் உடனே ஒன்றும் ஆகாது. கடைசி உருளைக்கு இடம் இல்லாதபோதுதான் பிள்ளைக்கு எங்கோ பிசகியது தெரியும். யாரும் திட்ட வேண்டியதில்லை, தலையில் குட்ட வேண்டியதில்லை. பிள்ளை தானே எடுத்து மறுபடி போட்டுப் பார்க்கும். ‘கல்வி’ இருப்பது இந்த இடத்தில்தான். பெட்டியில் அச்சிட்ட எழுத்தில் இல்லை, விளக்கெரிந்து ஆங்கிலப் பாட்டுப் பாடும் பொத்தானிலும் இல்லை. அந்த அறையில் அழகான பொம்மைகளும் இருந்ததாகவும் பிள்ளைகள் அவற்றைத் தேடிப் போகவில்லை என்றும் மாண்டிசோரி பின்னாளில் எழுதினார். தண்ணீர் ஊற்றுவது, கை கழுவுவது, பெருக்குவது, மேசையில் தட்டு வைப்பது ஆகியவையும் அங்கே பாடங்களாக இருந்தன. ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஒரே துடைப்பத்தை எடுத்தார்கள்.

துடைப்பம் ஒன்றாக இருந்ததை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழில் குழந்தை விளையாட்டைப் பற்றி மிக நுணுக்கமாகப் பேசிய இலக்கிய வகை பிள்ளைத்தமிழ். அதில் பத்துப் பருவங்கள். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி, முத்தம், வாரானை, அம்புலி என்ற முதல் ஏழும் இருபாலுக்கும் பொது. கடைசி மூன்றில்தான் வழி பிரிகிறது. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பால் பிள்ளைத்தமிழில் கழங்கு, அம்மானை, ஊசல். சிலவற்றில் கழங்குக்குப் பதில் நீராடல் வரும். அந்தச் ‘சிற்றில்’ பருவத்தில் நடப்பதைக் கவனியுங்கள். சிறுமிகள் மணலில் சின்ன வீடு கட்டியிருக்கிறார்கள். பிள்ளை வந்து காலால் கலைக்கிறான். கலைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதாகப் புலவர் பாடுகிறார். கட்டுவது அவள் விளையாட்டு, கலைப்பது அவன் விளையாட்டு, இரண்டையும் ரசிப்பது நம் மரபு! பறையையும் தேரையும் எடுத்துக்கொண்டு அவன் தெருவுக்குப் போகிறான். அம்மானைக் காயோடும் ஊஞ்சலோடும் அவள் இருந்த இடத்திலேயே இருக்கிறாள். நீலமும் இளஞ்சிவப்புமாகப் பிரித்து வைத்திருக்கும் இன்றைய பொம்மைக் கடையைப் பார்த்து இதெல்லாம் வெளிநாட்டு வழக்கம் என்று சொல்பவர்கள் நம் பாடத்திட்டத்திலேயே இருக்கும் இந்த நூல்களைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம்.

பட்டினப்பாலையில் இன்னும் பழைய காட்சி ஒன்று உண்டு. காவிரிப்பூம்பட்டினத்து முற்றத்தில் உணவு காய்கிறது. அதைக் கொத்த வரும் கோழியை விரட்ட, காவலிருக்கும் பெண் தன் பொற்குழையைக் கழற்றி எறிகிறாள். அது சிறுவன் உருட்டிவரும் மூன்றுசக்கரத் தேருக்குத் தடையாகிறது. நகரத்தின் செல்வச் செழிப்புக்கு உதாரணமாக இதை வகுப்பில் சொல்லித் தருவார்கள். எனக்கு அதில் தெரிவது வேறு. பெண்ணின் வேலையும் பிள்ளையின் விளையாட்டும் ஒரே முற்றத்தில் நடக்கின்றன. பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் தனியாக யாருக்கும் நேரம் ஒதுக்கப்படவில்லை. கோழி விரட்டும் கைதான் பிள்ளையையும் பார்க்கிறது.

பொம்மைகளின் தரத்தை மட்டும் பார்த்தால் நம் பழைய பொருள்கள் சோடையில்லை. செம்மரத்தில் கடைந்த மரப்பாச்சியைப் பிள்ளை வாயில் வைத்தாலும் பயமில்லை. பெரியவர்கள் அதைக் கல்லில் உரைத்து மருந்தாகவே கொடுத்திருக்கிறார்கள். பனையோலைக் கிலுகிலுப்பைக்குள் நாலு கூழாங்கல், கிழிந்தால் வேறு ஒன்று. நடைவண்டி இன்னும் மேல். அதில் பிள்ளை எழுந்து நின்று, பின்னாலிருந்து தன் காலால் தள்ளி நடக்க வேண்டும். இன்று கடையில் விற்கும் சக்கர ‘வாக்கர்’ பிள்ளையை நடுவில் உட்காரவைத்து உருட்டுகிறது. அது நடக்கப் பழக்குவதில்லை. படிக்கட்டில் உருண்டு தலையில் அடிபடும் விபத்துகளால் கனடா 2004இல் அதன் விற்பனையையே தடைசெய்தது. நம் ஊரில் அது இன்னும் முதல் பிறந்தநாள் பரிசு. பல்லாங்குழி பெண்கள் வீட்டுக்குள் ஆடிய ஆட்டம். பதினான்கு குழிகளில் எண்ணிப் போட்டு எண்ணி எடுக்கும் அதைவிட நல்ல கணக்குக் கருவி எனக்குத் தெரியாது. நாலு வயதுக்கு மேல்தான் தர வேண்டும். புளியங்கொட்டையும் சோழியும் சின்னப் பிள்ளையின் தொண்டைக்குள் போய்விடும்.

சொப்புச் சாமானுக்கு வருவோம். அடுப்பு, பானை, அம்மி, உரல் என்று சமையலறை முழுவதும் சிறு உருவில் இருக்கும். பெண்ணியம் பேசும் வீடுகளில் இதைப் பெண் குழந்தைக்குத் தரக்கூடாது என்று ஒதுக்குவதைப் பார்க்கிறேன். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊற்றுவது, மூடுவது, அளவு பார்த்து ஒன்றுக்குள் ஒன்றை வைப்பது, இல்லாத சோற்றை இருப்பதாக நினைத்துப் பரிமாறுவது என்று மூன்று வயதுப் பிள்ளைக்கு வேண்டிய அவ்வளவும் அதில் இருக்கிறது. பறிக்க வேண்டியது சொப்பை இல்லை. அண்ணனையும் தம்பியையும் அடுப்புக்கு முன் உட்கார வைத்தால் போதும், அவளிடம் தேரும் வந்து சேரும்.

சான் லொரென்சோவை விட்டு வந்த மாண்டிசோரி சென்னைக்கு வந்தது 1939 நவம்பரில். ஜார்ஜ் அருண்டேலும் ருக்மிணி தேவியும் அழைத்து, அடையாறு பிரம்மஞான சபையில் பயிற்சி வகுப்பு தொடங்கியது. நாட்டின் பல பகுதிகளிலிருந்து சுமார் முந்நூறு பேர் சேர்ந்தார்கள். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் அவரும் மகன் மரியோவும் பிரிட்டிஷ் அரசுக்கு எதிரிநாட்டவர் ஆனார்கள். மரியோ அகமத்நகர் முகாமில் அடைக்கப்பட்டார். தாயின் எழுபதாவது பிறந்தநாளையொட்டி விடுவிக்கப்பட்டார். சில மாத வகுப்புக்காக வந்தவர் போர் முடியும்வரை இந்தியாவில், இடையில் கோடைக்கானலிலும், தங்க வேண்டியதாயிற்று. 1946இல் போய் மறு ஆண்டே திரும்பி வந்து 1949 வரை இருந்தார். மொத்தத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய ஆசிரியர்கள் அவரிடமும் மரியோவிடமும் பயின்றார்கள்.

அடையாறுக்கும் வடசென்னைக்கும் அப்படியொன்றும் தொடர்பில்லாமல் இருந்ததில்லை. 1918இல் பெரம்பூரில் பி அண்டு சி ஆலைத் தொழிலாளர்களுக்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியபோது அதன் தலைவராக இருந்த பி.பி. வாடியா பிரம்மஞான சபைக்காரர்தான். சங்கம் வடக்கே வந்தது. ஆலைத் தொழிலாளியின் பிள்ளையை நினைத்து ரோமில் பிறந்த அந்த அலமாரி மட்டும் வருவதற்கு நெடுங்காலம் எடுத்துக்கொண்டது; வந்தபோது கட்டண ரசீதோடு வந்தது.

அதை ஏழைப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொண்டுபோனவர்கள் மகாராஷ்டிரத்தில் இரண்டு பெண்கள். தாராபாய் மோடக் 1945இல் போர்டி என்ற கடலோர ஊரில் மையம் தொடங்கினார். அனுதாய் வாக் அவருடன் சேர்ந்தார். 1957இல் இருவரும் வார்லி பழங்குடிகள் வாழும் கோஸ்பாட் மலைக்குப் போனார்கள். வெளிநாட்டுக் கட்டைகளுக்குக் காசில்லை. சிப்பி, விதை, கூழாங்கல், இலை, குச்சி என்று கைக்குக் கிடைத்ததை வைத்தே நிறம், அளவு, எண்ணிக்கை எல்லாவற்றுக்கும் பொருள் செய்தார்கள். பிள்ளைகள் பள்ளிக்கு வராதபோது இவர்கள் அவர்களது குடியிருப்பின் முற்றத்துக்கே போய் உட்கார்ந்தார்கள். முற்றத்துக்கு அங்கே ‘அங்கன்’ என்று பெயர். ‘அங்கன்வாடி’ என்ற சொல் அப்படி வந்தது. பெரிய பெண் பிள்ளைகள் பள்ளிக்கு வராததற்குக் காரணம் அவர்கள் இடுப்பில் இருந்த தம்பி தங்கைகள் என்பதை இருவரும் கண்டுகொண்டார்கள். குழந்தைகள் காப்பகம், பால்வாடி, தொடக்கப் பள்ளி மூன்றையும் ஒரே வளாகத்தில் வைத்தார்கள். இடுப்பிலிருந்து பிள்ளை இறங்கினால்தான் அக்காள் பலகையைத் தொட முடியும். விளையாட்டுப் பொருளின் வரலாற்றில் இதைவிட முக்கியமான கண்டுபிடிப்பு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

‘பால்வாடி’ என்ற சொல் நம் ஊரில் இன்னும் வழக்கில் இருக்கிறது. தமிழ்க் காதுக்கு அதில் பால் கேட்கும். ‘பால்’ என்றால் அந்தப் பக்கத்து மொழிகளில் குழந்தை. 1975 அக்டோபர் 2 அன்று நாடு முழுவதும் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் 1980இல் உலக வங்கிக் கடனுடன் ஊட்டச்சத்துத் திட்டம் ஒன்றும் வந்தது. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் இரண்டு வயதுப் பிள்ளையிலிருந்து தொடங்கியது. மையத்துக்கு மையம் பெண்கள், அவர்களில் பல கைம்பெண்கள், அமைப்பாளராகவும் ஆயாவாகவும் வேலைக்கு வந்தார்கள். இதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பசியோடு இருக்கும் பிள்ளை எந்தக் கட்டையையும் அடுக்காது. ஆனால் வரிசை அப்படியே நின்றுவிட்டது. எடைத் தராசு முதலில், சோறு அடுத்து, பொம்மை எப்போதாவது.

இன்று தமிழ்நாட்டில் 54,000க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள். ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று பாடத்திட்டமே இருக்கிறது. அதை நடத்தும் பெண்ணுக்கு மத்திய அரசு தரும் பங்குக்கு மதிப்பூதியம் என்று பெயர். சம்பளம் என்று சொல்வதில்லை. சிறு பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பெண்ணுக்கு இயல்பாக வரும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மனியில் ஃபுரோபெல் ‘கிண்டர்கார்டன்’ தொடங்கிய காலத்திலிருந்தே பேசிவருகிறார்கள். அந்தப் பேச்சு பெண்களுக்கு ஒரு வேலையைத் திறந்துவிட்டது. இயல்பாக வருவதற்கு எதற்குக் கூலி என்ற கேள்வியும் கூடவே வந்தது. அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும் பணிக்கொடை உண்டு என்று உச்ச நீதிமன்றம் சொல்ல 2022 ஏப்ரல் வரை ஆயிற்று. நாற்பத்தாறு ஆண்டுகளுக்கு மேல்.

முன்பருவக் கல்வி மூன்று வயதில்தான் தொடங்குகிறது. அதற்குக் கீழே இருக்கும் பிள்ளைக்கு மையத்திலிருந்து சத்துமாவு வீட்டுக்கு வரும். அது உட்கார்ந்து விளையாட இடம் வராது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 48ஆம் பிரிவு காப்பகம் வேண்டும் என்றது. முதலில் ஐம்பதுக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் ஆலைகளுக்கு என்று இருந்தது, 1976இல் முப்பது என்று குறைந்தது. காசிமேட்டில் மீன் கூடை தூக்குபவருக்கும் வீட்டு வேலைக்குப் போகிறவருக்கும் வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவருக்கும் எந்த எண்ணிக்கையும் பொருந்தாது. பாலர் கல்வியாளர் மீனா சுவாமிநாதன் 1985இல் எழுதிய ‘ஹூ கேர்ஸ்?’ என்ற ஆய்வுநூல் இந்த இடத்தைத்தான் தொட்டது. குறைந்த வருமானப் பெண்களின் பிள்ளைகளை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அது கேட்டது. மாத்தூரிலும் மணலியிலும் இதற்கான பதில் பெரும்பாலும் பாட்டி. பாட்டி இல்லாத வீட்டில் எட்டு வயது அக்காள். ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு அவள்தான் பொம்மை, அவள்தான் ஆசிரியை, அவளுக்குத்தான் பள்ளி போனது.

பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது மணலிப் பக்கத்தில் கூடுதலாக ஒன்றைப் பார்க்க வேண்டியிருக்கிறது. இங்கே 1969 முதல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை இயங்குகிறது, சுற்றிலும் உரமும் வேதிப்பொருளும் செய்யும் ஆலைகள், தெருவில் இரவு பகலாகக் கன்டெய்னர் லாரிகள். 2009இல் வெளியான ஓர் ஆய்வு சென்னையில் மூன்று முதல் ஏழு வயதுக்குட்பட்ட 756 பிள்ளைகளின் இரத்தத்தில் ஈயத்தை அளந்தது. சராசரி ஒரு டெசிலிட்டருக்கு 11.4 மைக்ரோகிராம். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் கவலைக்குரிய அளவு என்று வைத்திருந்ததே 10தான். ஈயம் கூடக்கூடப் பிள்ளைகளின் கவனம் சிதறுவதையும் அந்த ஆய்வு கண்டது. கவனத்தை வளர்க்கும் என்று வாங்கும் வண்ணப் பொம்மையின் பூச்சிலேயே ஈயம் இருக்கலாம் என்பதுதான் கொடுமை. 2007இல் மேட்டல் போன்ற பெரிய நிறுவனமே ஈயப் பூச்சுக்காகப் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல் பதினான்கு வயதுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளில் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பாரிமுனை நடைபாதையில் குவித்து விற்பதில் அது இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள். உரிந்து வரும் பூச்சு, கடும் பிளாஸ்டிக் நாற்றம், கழன்று வரும் பொத்தான் பேட்டரி இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். பழைய இரும்புக் கடையிலிருந்தோ ஆலையிலிருந்தோ வரும் டப்பா, வயர், பேட்டரித் துண்டு எதுவும் பிள்ளையின் கைக்குப் போகக் கூடாது. மூன்று வயதுக்குக் கீழே இருந்தால் பொருள் மூன்றேகால் சென்டிமீட்டரைவிடச் சிறியதாக இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

காசே இல்லாமல் கிடைப்பவை நிறைய. ஒன்றுக்குள் ஒன்று அடங்கும் எவர்சில்வர் டம்ளர்கள் ஒரு வயதுப் பிள்ளைக்குப் போதும். அவை உருளைக் கட்டை செய்யும் வேலையையே செய்கின்றன. மூடியும் டப்பாவும், துணி மாட்டும் கிளிப், அகப்பை, ஒரு வாளித் தண்ணீர், ஈர மண். திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை இருந்த காலத்தில் காலித் தீப்பெட்டிகளைக் கோத்து ரயில் ஓட்டாத பிள்ளை அந்தப் பக்கம் இருந்திருக்காது. எண்ணூர்க் கரையில் கிளிஞ்சல் கிடைக்கிறது. தாராபாய் போர்டிக் கடற்கரையில் பொறுக்கிய அதே பாடப்பொருள். நாலு வயதுப் பிள்ளை அதைப் பெரிது சிறிதாக அடுக்கலாம். இவற்றுக்கெல்லாம் பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதுதான் உண்மையான விலை. பெட்டியில் வரும் பொம்மையின் விளம்பரம் அந்த ஆளின் நேரத்தைத்தான் மிச்சப்படுத்தித் தருவதாகச் சொல்கிறது.

அங்கன்வாடியில் அப்படி ஓர் ஆள் இருக்கிறார், ஆண்டுதோறும் முன்பருவக் கல்விப் பெட்டிக்கு அரசு பணமும் ஒதுக்குகிறது. ஆனால் பல மையங்களில் அந்தப் பெட்டி பீரோவுக்குள் பூட்டிக் கிடக்கும். பொருள் உடைந்தால், தொலைந்தால் கணக்குச் சொல்ல வேண்டியவர் அந்த டீச்சர். எடை, பதிவேடு, செல்போன் செயலியில் பதிவு, சத்துமாவு இருப்பு எல்லாம் முடித்து அவர் நிமிரும்போது பிள்ளைகளைத் தூங்கவைக்கும் நேரம் வந்துவிடுகிறது. பூட்டியதற்கு அவரைத் திட்டிப் பயனில்லை. மையத்துக்கு என்னென்ன பொம்மை வந்திருக்கிறது, உடைந்தால் அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்று மாத்தூர்த் தாய்மார்கள் நாலு பேர் சேர்ந்து கேட்கலாம். மையத்தின் கண்காணிப்புக் குழுவில் தாய்மாருக்கு இடம் உண்டு. உடைவதைத் தேய்மானமாக எழுதிக்கொள்ளச் சொல்லி மேலே எழுதிப் போடலாம்.

சான் லொரென்சோவிலும் அலமாரி பூட்டித்தான் இருந்தது. ஒரு நாள் ஆசிரியை அதைப் பூட்ட மறந்துவிட்டார். மறுநாள் வந்து பார்த்தபோது கதவு திறந்திருந்தது, பிள்ளைகள் சுற்றி நின்றார்கள், சிலர் ஏற்கெனவே பொருள்களை எடுத்துப் போய்க்கொண்டிருந்தார்கள். அவர் அதைத் திருட்டு என்றே நினைத்தார். எந்தப் பொருள் எங்கே இருக்கிறது, எது தமக்கு வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது என்று மாண்டிசோரி அதைப் புரிந்துகொண்டார். அதன்பிறகு உயரமான அலமாரிக்குப் பதிலாகப் பிள்ளைகளின் கைக்கு எட்டும் தாழ்வான அலமாரிகளை வைத்தார்.